தண்ணியில்லாக் காட்டுக்கு வந்த விருந்தாடிகளே!

வாங்க அப்பு, வாங்க தாயி. அரசாங்க உத்தியோகத்துல இருக்குறவுக ஏதாச்சும் தப்புத்தண்டா பண்ணினாத்தான் எங்க ராம்நாட்டுப் பக்கம் தூக்கியடிப்பாக. சினிமாவுல மந்திரி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்"னு அதிகாரிய மெரட்டுவாரே, அந்தக் காடு இதுதான். ஒரு தப்பும் பண்ணாம, சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து, பட்டுச்சேலையும் பவுடர் டப்பாவுமா வந்து எறங்கியிருக்கீக பாருங்க, அந்தப் பாசத்துக்கு முதல்ல ஒரு கும்பிடு.

கைப்பையக் கீழ வைக்கல, அதுக்குள்ள "தாத்தா, இங்க சுத்திப் பாக்க என்ன இருக்கு?"ன்னு கேக்குறீக. கல்யாணம் இருக்கு. அதுக்குத்தான் பத்திரிகை வச்சோம்.

சரி, கேட்டாச்சு. மாப்ள வழியில ஒரு பய பிரான்சு தேசத்துல இருக்கான், பாண்டிச்சேரிச் சம்பந்தம். போன வருசம் அந்த நாட்டுக்குத் தென்மேற்குல, தோர்தோன்னு ஒரு சீமையில, கூட வேலை பாக்குறவரு கல்யாணத்துக்குப் போயிருக்கான். அங்க வர்றவுக கையில எல்லாம் ஒரு சின்னப் புத்தகத்தக் குடுத்துருவாகளாம். இந்தக் கோட்டையப் பாரு, இந்த ஆத்துல துடுப்புப் போடு, இந்தச் சந்தையில பாலாடைக்கட்டி வாங்கு, இந்தத் தோட்டத்துல ஒயின் ருசி பாருன்னு எழுதியிருக்குமாம். "நம்ம கல்யாணத்துக்கும் ஒண்ணு போடணும், நீங்க சொல்லுங்க, நான் டைப் அடிக்கிறேன்"னு போனத் தூக்கிக்கிட்டு எம் முன்னாடி ஒக்காந்துட்டான். நான் எட்டாப்போட நின்ன ஆளு. வரிசை பண்ணிச் சொல்ல வராது. சொல்லச் சொல்ல அடிச்சுக்கடா பேராண்டி.

உங்க எல்லாருக்கும் மனசுல ஓடுற கணக்கு எனக்குத் தெரியும். கல்யாணச் சாப்பாட்ட முடிச்ச கையோட ராமேசுரத்துல ஒரு முழுக்குப் போட்டு, சேந்துபோன பாவத்தையும் எறக்கி வச்சுட்டுப் போயிறணும். ஒரே டிக்கெட்டுல ரெண்டு சோலி. தப்பில்ல. ஆனா ராமநாதபுரத்துல இருந்து ராமேசுரம் 55 கிலோமீட்டருக்குப் பக்கம். "இந்தா பக்கத்துலதான"ன்னு முகூர்த்தத்தன்னைக்கு வெள்ளெனக் கெளம்புனவுக யாரும் தாலி கட்டுறதப் பாத்ததா சரித்திரம் இல்ல.

போறது போறீக, மொறையாப் போங்க. முதல்ல அக்னி தீர்த்தம். அது கடலேதான், கோயிலுக்குக் கெழக்க இருக்கு. அதுல முங்கிட்டு ஈரத்துணியோட கோயிலுக்குள்ள போகணும். உள்ள 22 தீர்த்தம். தீர்த்தம்னதும் தாமரைக் கொளம்னு நெனச்சு நீச்சல் உடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமா வந்துறாதீக. பெரும்பாலும் கெணறு. கெணத்து மேட்டுல ஒரு ஆளு நின்னு வாளியில மொண்டு தலையில ஊத்துவாரு. கூட்டம் இருந்துச்சுன்னா அவரு ஊத்துறது முன்னாடி நிக்கிறவுக முதுகுல விழுந்து, உங்க மூஞ்சியில தெறிக்கும். "இது கணக்குல சேருமா?"ன்னு அவர்ட்டப் போய் ஞாயம் பேசாதீக. சேரும். ராமர் ஒண்ணும் ரசீது கேக்க மாட்டாரு.

கடல் எட்டுற தூரத்துல கெடக்கு, ஆனா அந்தக் கெணறுகள்ல தண்ணி அப்படி உப்புக் கரிக்காது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ருசின்னு சொல்வாக. நாக்க நீட்டிக்கிட்டே போய்ப் பாருங்க.

தாயி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. முகூர்த்தப் பட்டோட தீர்த்தமாடப் போயிறாத. 22 வாளி வாங்குன பட்டு என்ன கதிக்கு ஆகும்னு, வர்ற வழியில பரமக்குடி இருக்கு, நெசவுக்காரக ஊரு, அங்க கேட்டுக்க. தீர்த்தமாடி முடிச்சதும் ஈரத்தோட சாமி சன்னதிக்கு விடமாட்டாக. மாத்துத்துணி வேணும். அந்த மாத்துத்துணியத் தோள்ல போட்டுக்கிட்டே 22 கெணத்தையும் சுத்துற புத்திசாலிக வருசா வருசம் வர்றாக. துணியும் அவுகளோட சேந்து புண்ணியம் தேடிக்கும். வேன்ல வந்த கூட்டத்துல முழங்கால் வலிக்காரக ஒருத்தர் கண்டிப்பா இருப்பாக. அவுகள வெளிய ஒக்கார வச்சுப் பையைக் குடுத்துட்டுப் போங்க. சும்மா ஒக்காந்திருந்தாலும் பாதிப் புண்ணியம் அவுகளுக்குத்தான்.

முழுக்கு முடிஞ்சதும் பசியில ஓட்டலத் தேடி ஓடுறதுதான் வழக்கம். ஓடுங்க, ஆனா மூணாம் பிரகாரத்தப் பைய நடந்து தாண்டுங்க. 1212 தூணு. 18-ம் நூற்றாண்டுல முத்துராமலிங்க சேதுபதி காலத்துல எழும்புனது. தீவு முச்சூடும் மணலு. இதுல கருங்கல்லு எங்கிட்டு இருந்து மொளச்சுச்சு? அம்புட்டும் கடலத் தாண்டி வந்த கல்லு, அதுவும் பாலம்னு ஒண்ணு இல்லாத காலத்துல. உங்க சூட்கேஸ ரெண்டாவது மாடிக்குத் தூக்க லிப்ட் இல்லைன்னு நேத்து ராத்திரி நீங்க போட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

மதியம் 1 மணிக்கு நடை சாத்தினா 3 மணிக்குத்தான் தெறப்பாக. இது தெரியாம பன்னெண்டரைக்கு வந்து எறங்குறவுகதான் எங்க பக்கத்துல எளநிக்காரக குடும்பத்தக் காப்பாத்துறவுக. ஸ்படிக லிங்கம் பாக்கணும்னா விடியக்காலம் 5 மணி. அமாவாசை கிமாவாசை வருதான்னும் காலண்டரப் பாத்துக்கங்க. ஆடி அமாவாசைக்கு பயமில்ல, ஆடியில யாரு கல்யாணம் வைக்கப் போறாக. தை அமாவாசைதான் வம்பு. அன்னைக்கு ஊர்ப்பட்ட சனம் தாய் தகப்பனுக்குத் திதி குடுக்க வந்து நிக்கும். லாட்ஜ்ல ரூம் கேட்டா ஏற எறங்கப் பாப்பாக. கலாம் ஐயா பொறந்த வீடு பள்ளிவாசல் தெருவுல இருக்கு. பேக்கரும்புல நெனைவிடம், 2017-ல தெறந்தது. ரெண்டுக்கும் நேரம் வச்சுக்கங்க. பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய் "நீயும் இப்படி வரணும்"னு மட்டும் அங்க வச்சுச் சொல்லாதீக. எல்லாத் தகப்பனும் அங்க வந்து அதைத்தான் சொல்றான், பிள்ளைக பாவம்.

பாம்பன் பாலத்தப் பத்தி நான் புதுசாச் சொல்ல என்ன இருக்கு, நீங்கதான் ரோட்டுப் பாலத்துல வண்டிய நிறுத்திக் கைப்பிடிச் சுவர்ல ஏறி நின்னு பாத்துட்டீகளே. பின்னாடி வந்த ஆம்புலன்சுக்காரன் உங்கள என்ன சொன்னான்னு நான் இங்க சொல்ல மாட்டேன், பொம்பளைப் பிள்ளைக இருக்காக. நீங்க நின்னது 1988-ல ராஜீவ் காந்தி தெறந்து வச்ச பாலம். அதுக்குப் பக்கத்துப் பழைய இரும்புப் பாலம் 1914-ல போட்டது. கப்பல் வந்தா நடுவுல பொளந்து ரெண்டு பக்கமும் மேல தூக்குற பாலமா இருந்துச்சு. நூறு வருசத்துக்கு மேல உப்புக்காத்தத் தின்னுக்கிட்டு ரயில சுமந்துச்சு. 2022 டிசம்பரோட அதுல ரயில நிப்பாட்டிட்டாக. இப்ப ரயில் ஓடுறது 2025 ஏப்ரல்ல தெறந்த புதுப் பாலத்துல. அதுல நடுத்துண்டு 72 மீட்டருக்கு மேல நீளம், அப்படியே மட்டமா மேல போயிரும். பிரான்சுப் பேராண்டி, பாலத்தப் பாக்கணும்னா ரோட்டுல நின்னு மறிக்காத, மண்டபம் ஸ்டேசன்ல இருந்து ரயில் ஏறிப் போ. ஜன்னல்ல தலைய நீட்டாத. அந்தக் காத்து சாமானியப்பட்டது இல்ல. அடிச்சா ரயிலையே நிப்பாட்டி வைப்பாக, உன் தொப்பி எம்மாத்திரம்.

அடுத்தது தனுஷ்கோடி. இங்க மட்டும் செத்த நேரம் கேலிய நிப்பாட்டிக்கிறேன்.

1914-ல இருந்து அது பெரிய துறைமுகம். மெட்ராசுல போட்மெயில் ஏறுனா தனுஷ்கோடியில எறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னார்ல திரும்ப ரயிலப் புடிச்சுக் கொழும்புக்குப் போயிரலாம். எங்க பக்கத்துல கொழும்புக்குப் போய் வந்தவுக இல்லாத குடும்பம் கொறைச்சல். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலு ஆளுகளோட கடலுக்குள்ள போயிருச்சு. தப்பிச்சு வந்து சொல்ல ஒருத்தரும் மிஞ்சல. விடிஞ்சு பாத்தா ஊரு இல்ல. மனுசன் குடியிருக்க லாயக்கில்லாத எடம்னு அரசாங்கமே எழுதிருச்சு. அதுக்கு அப்புறமும் மீன் புடிக்கிறவுக அங்கனயே குடிசை போட்டுப் பொழைக்கிறாக, அது வேற சங்கதி.

அந்த இடிஞ்ச மாதாகோயில் சுவர்ல சாஞ்சு நின்னு கல்யாணத்துக்கு முந்துன போட்டோ எடுக்குறாக இப்ப. பொண்ணு சேப்புக் கவுன்ல, மாப்ள கோட்டுல, ஒருத்தன் பொகை போடுறான், ஒருத்தன் ட்ரோன் விடுறான். ஏப்பா, வாழப் போற பிள்ளைகளுக்கு வேற நல்ல சுவரே கெடைக்கலியா? நம்ம வீட்டுப் பிள்ளைக எடுக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன். யாரும் கேக்கல. மண்டப வாசல்ல பேனரா நிக்குது, போய்ப் பாத்துக்கங்க.

சரி, கேலிக்கு வந்துர்றேன். பழைய தனுஷ்கோடிக்கு அங்கிட்டு அரிச்சல்முனை. 2017-ல இருந்து தார் ரோடு போகுது. முன்னல்லாம் மணல்ல ஜீப்புல ஆடி ஆடிப் போய் இடுப்பு எலும்பத் தேடிக்கிட்டு வரணும். முனையில நின்னா இடக்கைப் பக்கம் பாக் நீரிணை, வலக்கைப் பக்கம் மன்னார் வளைகுடா. கடலுக்குப் போறவுக ஒண்ணப் பொண்கடல்னுவாக, இன்னொண்ண ஆண்கடல்னுவாக. அமைதியா இருக்குறது பொண்ணு, கொந்தளிக்கிறது ஆணுன்னு பேரு வச்சது ஆம்பளைக. எந்த வீட்டுல பாத்து வச்சாகன்னு எனக்கு வெளங்கல. சோழகம், வாடை மாறி அடிச்சா ரெண்டும் கொணத்த மாத்திக்கும். கல்யாணத்துக்கு வந்தவுக பாக்க வேண்டிய சம்பந்தம் அதுதான். பாருங்க, எறங்கிக் குளிக்காதீக. அங்க ஓடுற நீரோட்டம் நீச்சல் தெரிஞ்சவனத்தான் முதல்ல இழுக்கும். சோடை போகாம மதியம் பன்னெண்டு மணிக்குப் போங்க. ஒதுங்க நெழலும் இருக்காது, போட்டிக்குக் கூட்டமும் இருக்காது. புத்தி இருக்குறவுக காலைலயே போய், வர்ற வழியில கோதண்டராமர் கோயிலையும் பாத்துட்டு வருவாக. அம்புட்டுப் புயல்லயும் அசையாம நின்ன கோயிலு அது.

கடலோரக் கடைக்காரன் சங்கு வித்தா வாங்குங்க. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டைன்னு எவனாச்சும் சட்டைப்பைக்குள்ள இருந்து எடுத்துக் காமிச்சா, காது கேக்காத மாதிரி நடந்துருங்க. அட்டையப் புடிக்கவே 2001-ல இருந்து தடை. மாமியாருக்கு வாங்கிட்டுப் போற சாமானு உங்கள வனத்துறை ஆபீசுல ஒக்கார வச்சிரும். இந்தப் பக்கக் கடல்ல 21 தீவு இருக்கு, 1986-ல இருந்து தேசியப் பூங்கா. நெனச்ச தீவுல எறங்கிப் பிரியாணி ஆக்க முடியாது. படகுதான் ஏறணும்னா தொண்டிக்குப் போற வழியில காரங்காட்டுக்குப் போங்க. அலையாத்திக் காட்டுக்குள்ள வனத்துறையும் ஊர்க்காரகளும் சேந்து படகு விடுறாக, அந்த ஊருப் பொம்பளைக மீன் சோறும் ஆக்கிப் போடுறாக. தோர்தோன் ஆத்துல துடுப்புப் போட்ட பேராண்டிக்கு இங்கயும் துடுப்பு உண்டு. என்ன, இங்க கரையில கோட்டை இருக்காது, நண்டு இருக்கும்.

இனிமேதான் நான் சொல்ல வந்த சங்கதி. நீங்க எல்லாரும் வரைபடத்துல மூலையில இருக்குற ராமேசுரத்துக்கு ஓடுறீக. மதுரையில ஏறிக் கண்ண மூடுனா பாம்பன்ல கடலப் பாத்துத்தான் முழிக்கிறீக. நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல தூங்கிக்கிட்டே வர்றீக. அந்த நடுவுலதான் எங்க ஊரு.

ராமநாதபுரம் ஊருக்குள்ளயே, உங்க மண்டபத்துல இருந்து ஆட்டோவுல போற தூரத்துல, அரண்மனை இருக்கு. அரண்மனைக்குள்ள ராமலிங்க விலாசம்னு ஒரு கொலு மண்டபம். கிழவன் சேதுபதி போகலூர்ல இருந்த தலைநகர ராமநாதபுரத்துக்கு மாத்துன ராஜா. கிழவன் சொல்றதக் கேக்கணுங்கிற வழக்கம் எங்க ஊர்ல அப்பவே இருந்திருக்கு பாருங்க, இப்பத்தான் விட்டுப்போச்சு. அவருக்குப் பின்னாடி வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துல, 1713-க்கும் 1725-க்கும் நடுவுல, அந்த மண்டபத்துச் சுவரு முழுக்கச் சித்திரம் எழுதியிருக்காக. தஞ்சாவூர் மராத்தியரோட நடந்த சண்டை, பீரங்கி, குதிரை, சேதுபதியப் பாக்க வந்த தொப்பிக்கார வெள்ளைக்காரன், ராமாயணம், பாகவதம், ராஜா ஓய்வா ஒக்காந்து ஆட்டம் பாக்குறது. முந்நூறு வருசத்துக்கு முந்தி எங்க சீமையில என்ன உடுத்துனாக, என்ன ஆயுதம் புடிச்சாக, யாரு யாருக்கு முன்னாடி கையைக் கட்டி நின்னாகன்னு சுவர்லயே எழுதி வச்சுருக்கு.

பேராண்டி சொன்னான், அவன் போன தோர்தோன் சீமையில லாஸ்கோன்னு ஒரு குகை இருக்குதாம். ஆதிகால மனுசன் காட்டெருமையும் குதிரையும் வரைஞ்சு வச்ச எடம். 1940-ல கண்டுபுடிச்சாகளாம். பாக்க வந்த சனம் விட்ட மூச்சுக்காத்து பட்டே சித்திரம் கெட்டுப்போக ஆரம்பிச்சதால 1963-ல அசலப் பூட்டிட்டு, இப்ப அச்சு அசலா ஒரு நகலு பண்ணி அதைத்தான் காட்டுறாகளாம். நகலப் பாக்க வரிசையில நிக்குறாகளாம்! எங்க ராமலிங்க விலாசத்துக்கு அந்தப் பயமே கெடையாது. அசலே கெடக்கு, தொல்லியல் துறை தெறந்து வச்சுருக்கு. உள்ள போய் மூச்சு விட ஆளு வந்தாத்தான சித்திரம் கெட? நேத்து வந்து எறங்குன ரெண்டு வேன்ல எத்தனை பேரு பாத்தீகன்னு கேட்டேன். ஒருத்தர் மட்டும் கைய தூக்குனாக. அவுகளும் பாத்ரூம் தேடி உள்ள போனவுகளாம்.

அதே அரண்மனையில பிற்பாடு இருந்தவரு பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் சிகாகோவுக்குப் போறதுக்குத் தூண்டுகோலா இருந்தவரு. சாமி வெளிநாட்டுல இருந்து திரும்பி, 1897 ஜனவரி 26-ல பாம்பன் மண்ணுல கால் வச்சப்ப ராஜாவே காத்துக்கெடந்து வரவேத்தாரு. வண்டியில பூட்டியிருந்த குதிரைய அவுத்துவிட்டுட்டு சனத்தோட சேந்து தானும் வண்டிய இழுத்தாருன்னு சொல்வாக. விருந்தாடியக் கவனிக்கிறதுன்னா எங்க ஊர்ல அப்படி. நீங்க என்னடான்னா ரூம்ல ஏசி கூலிங் பத்தலைன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கீக. சாமி எறங்குன குந்துகால்ல நெனைவு மண்டபம் இருக்கு, பாம்பன்ல இருந்து திரும்புனாப் போதும்.

உத்தரகோசமங்கைக்குப் போங்க. மாணிக்கவாசகர் பாடுன தலம். அங்க மரகதத்துல ஒரு நடராசர் இருக்காரு; வருசம் முச்சூடும் சந்தனக்காப்பு, மார்கழித் திருவாதிரைக்குத்தான் சந்தனத்தக் களைவாக. மேளச் சத்தத்துக்கு மரகதம் அதிர்ந்துறக் கூடாதுன்னுதான் சந்தனம் பூசுறதாச் சொல்வாக. நேத்து ராத்திரி நீங்க மண்டபத்துல வச்ச டிஜேவக் கேட்டப்ப எனக்கு அந்தச் சாமி நெனப்புத்தான் வந்துச்சு. நம்ம மண்டபச் சுவருக்கும் யாராச்சும் சந்தனம் பூசியிருக்கலாம்.

திருப்புல்லாணிக்குப் போனா ராமர் தர்ப்பைப் புல்லு மேல படுத்திருப்பாரு. நிக்கிற ராமரு, வில்லுப் புடிச்ச ராமரு எல்லா ஊர்லயும் இருக்காரு; அலுத்துப்போய்ப் படுத்த ராமரப் பாக்குறது அபூர்வம். கடலு வழி விடட்டும்னு காத்துக்கெடந்தாராம். ராமரே எங்க ஊர்ல வந்து வண்டிக்குக் காத்துக் கெடந்திருக்காரு, நீங்க ஒரு டவுன்பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டேங்கிறீக. அங்க பால் பாயசம் பிரசாதம். பிள்ளை வரம் வேண்டி வர்றவுகளுக்குப் பேர்போனது. அத்தைமாரே, சித்திமாரே, உங்களத்தான் சொல்றேன்: பொண்ணு மாப்ளைய நாளைக்கே அங்க கூட்டிட்டுப் போய் பாயசத்த வாயில ஊத்திறாதீக. போட்டோக்காரன் ஆல்பம் குடுக்குற வரைக்குமாச்சும் பொறுங்க. அவன் எப்படியும் பத்து மாசம் ஆக்குவான்.

தேவிபட்டினத்துல கடலுக்குள்ள ஒம்பது கல்லு, நவகிரகம்னு கும்பிடுறாக. ஏர்வாடி தர்காவுக்கு எல்லாச் சாதி சனமும் போகும். ஓரியூர்ல அருளானந்தர்னு பேரு மாத்திக்கிட்டு வந்த போர்ச்சுகல் சாமியார 1693-ல வெட்டிக் கொன்னாக. அங்க மண்ணு செவப்பா இருக்கும், அவரு ரத்தம்னு சொல்லி எடுத்துட்டுப் போவாக. ஒரே நாள்ல மூணையும் முடிச்சுட்டேன்னு சொல்றவன் எறங்காம வேனுக்குள்ள இருந்தே கும்பிட்டவன்.

கீழக்கரைக்கு மட்டும் பொழுதோட போங்க. பழைய ஜும்மாப் பள்ளியில கருங்கல்லுத் தூணப் பாத்தா நம்ம கோயில் தச்சனே செதுக்குன மாதிரி இருக்கும். உமறுப்புலவர ஆதரிச்ச சீதக்காதி வள்ளல் ஊரு அது. செத்தும் குடுத்தாருன்னு பேரு வாங்குன மனுசன். மொய் எழுதுறப்ப அவர ஒரு நிமிசம் நெனச்சுக்கங்க. பாக்கு அளவு வாயில போட்டா கரையிற தொதல் அங்க வாங்கணும். தேங்காப்பால்ல கிண்டிக் கிண்டி ஆளு கை ஓய்ஞ்சு போற பண்டம். யாராச்சும் அங்கன ஒரு நிக்காவுக்குக் கூப்பிட்டாகன்னா நம்ம கல்யாணத்த விட்டுட்டுக்கூடப் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சகன் தட்டச் சுத்தி ஒக்காந்து நெய்ச்சோறும் களரிக் கறியும் ஒரே தட்டுல தின்னு பாத்தாத்தான், பந்தியில பக்கத்து எலைக்கு எத்தனை துண்டு விழுந்துச்சுன்னு எட்டிப் பாக்குற புத்தி போகும்.

சோத்துப் பேச்சு வந்துருச்சு. "ராமேசுரம் கடலு பக்கத்துல இருக்கு, மீனக் காணோமே"ன்னு பந்தியில ஒருத்தர் கேட்டாக. முகூர்த்தப் பந்தியில மீனு போட மாட்டோம் சாமி. மறுநாள் கறி விருந்து இருக்கு, அதுவரைக்கும் நாக்கக் கட்டுங்க. மீனுதான் வேணும்னா ஓட்டல்ல கேளுங்க, ஆனா கெழமை பாத்துக் கேளுங்க: பாக் நீரிணையில வாரத்துல மூணு நாளு விசைப்படகுக்கு, நாலு நாளு நாட்டுப்படகுக்குன்னு மொறை. இந்தத் தடவை தையில வந்தீக, தப்பிச்சீக. வைகாசிக் கல்யாணத்துக்கு வர்றவுகதான் பாவம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்ப வந்து "பிரெஷ்ஷா வஞ்சிரம் இருக்கா?"ன்னு கேட்டீகன்னா கடைக்காரரு சிரிச்சுக்கிட்டே ஐஸ்பெட்டியத் தெறப்பாரு. நாட்டுப்படகுல வந்த நண்டோ கணவாயோ கெடைச்சா அதை வாங்கிட்டுப் பேசாம இருங்க.

பிரான்சுல தோட்டத்துக்குத் தோட்டம் ஒயின் ஊத்தி ருசி பாக்கச் சொல்றாகளாம். சாயல்குடிப் பக்கம் வந்து பாருங்க, பனை எம்புட்டு நிக்குதுன்னு. கள்ளு எறக்கத்தான் சட்டம் விடாது. மாசி பங்குனிக்கு மேல வந்தா பதநீரு, நுங்கு. இப்ப பனங்கெழங்கு, நாரு நாரா உரிச்சுத் தின்னுங்க, போதை வராது, பல்லு எடுக்கும். கருப்பட்டி வாங்குங்க. குண்டு மிளகா ஒரு கிலோ வாங்குங்க. பாக்கக் குட்டையா உருண்டையா சாதுவாத் தெரியும். 2023-ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு அது. வத்தக்கொழம்புல நாலு கிள்ளிப் போட்டீகன்னா, எங்கள நெனைக்கிறப்பல்லாம் உங்க கண்ணுல தண்ணி வரும்.

வழி நெடுகப் பாத்துட்டு வந்த சீமைக்கருவேலக் காட்டுல பொகையிறது கரிமூட்டம். உங்க ஊரு ஓட்டல்ல கோழி சுடுற கரி எங்க காட்டுல இருந்து வந்ததா இருக்கும். மதுரையில அழகர் எறங்குற வைகை எங்க ஊருப் பெரிய கம்மாயில வந்து அடங்கிரும். கடலப் பாக்குறது அபூர்வம். கம்மாய்ல தண்ணி கெடக்குற இந்த மாசங்கள்ல சக்கரக்கோட்டைக் கம்மாய்க்கோ, சித்திரங்குடி, காஞ்சிரங்குளத்துக்கோ வெள்ளெனப் போங்க. எங்கெங்கயோ இருந்து பறவை வந்து கெடக்கும். விருந்தாடின்னா அதுக மாதிரி இருக்கணும்: மழை பெஞ்சதக் கேட்டுத் தானா வரும், வைபை பாஸ்வேர்டு கேக்காது, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிரும்.

என்ன பேராண்டி, போன்ல சார்ஜு போயிருச்சா? அப்ப கடைசியா இத மட்டும் கையில எழுதிக்க. நாளைக்கு முகூர்த்தம் காலையில ஏழரைக்கு. அதுக்கு முன்னாடி எவரு கேட்டாலும் வண்டிய பாம்பன் பக்கம் திருப்பக் கூடாதுன்னு ரெண்டு வேன் டிரைவர்ட்டயும் நான் சொல்லியாச்சு, சாவியையும் வாங்கி மடியில வச்சுட்டேன். தாலி கட்டுனதப் பாத்து, பந்தியில ஒக்காந்து சாப்பிட்டு, மொய் எழுதிட்டு எங்கிட்ட வாங்க, சாவி தர்றேன். மொய் எழுதுறவரு வாசல்ல வலது கைப் பக்கம் ஒக்காந்திருப்பாரு. ஊர்ப் பேரையும் தகப்பன் பேரையும் சேத்துச் சொல்லி, நோட்டுல சரியா ஏறியிருக்கான்னு பாத்துட்டு நகருங்க.